பலன் தெரியாத ஆண்டுகள்

மார்கழி அதிகாலையில் மூச்சு இறுகும்போது நீல நிற இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை உள்ளிழுப்பது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். சில நிமிடங்களில் நெஞ்சு இளகிவிடும். அதிலுள்ள சால்பியூட்டமால் என்னும் மருந்து 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மூச்சுக்குழாய்த் தசைகளில் அது எதைத் தொட்டு இந்த வேலையைச் செய்கிறது என்பதை மருந்தியலாளர்கள் ஊகித்திருந்தனர். அதற்கு 'பீட்டா-2 ஏற்பி' என்று பெயரும் இட்டிருந்தனர். ஆயினும், அந்த ஏற்பியின் உருவம் முதன்முதலாகத் துலங்கியது 2007-இல்தான். முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பூட்டைப் பாராமலே சாவியைத் திருகிக் கொண்டிருந்தோம்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குப் புரதத்தின் வடிவத்தில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தப் பூட்டைப் பார்க்க ஓர் ஆய்வகம் செலவிட்ட காலமும், அக்காலத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்பதும் எங்கள் துறையின் பழைய கேள்வி ஒன்றோடு நேராகத் தொடர்புடையவை. ஆனால், அந்தக் காலம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் உயிரணுவின் வாசல்வரை சென்று வர வேண்டும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் தடிமன் நான்கைந்து நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை எட்டுவதற்கு இத்தகைய சவ்வுகளை ஏறத்தாழ இருபதாயிரம் அடுக்க வேண்டும். உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் வைத்திருப்பது இதன் வேலை. ஆனால், முழுவதும் மூடிய வீட்டில் யாரும் வாழ முடியாது. எனவே, சவ்வில் ஆயிரக்கணக்கான புரதங்கள் பதிந்திருக்கின்றன. சில நீரையும் உப்பையும் கடத்தும் வழிகள்; சில இறைக்கும் எந்திரங்கள்; சில, செய்தி வாங்கும் ஏற்பிகள். நம் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தகைய சவ்வுப் புரதங்களுக்கானவை.

பீட்டா-2 ஏற்பி 413 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது சவ்வின் ஊடாக ஏழு முறை மேலும் கீழுமாக, தையல் நூல் போலச் சென்று வருகிறது. வெளிப்பக்கத்தில் அட்ரினலினோ என் இன்ஹேலரிலுள்ள மருந்தோ வந்து ஒட்டிக் கொள்கிறது. அது உள்ளே நுழைவதில்லை. வாசலில் அழைப்பு மணியை அழுத்துபவர் வெளியிலேயே நிற்க, ஓசை மட்டும் கூடத்தில் கேட்பது போன்ற ஏற்பாடு இது. வெளியே ஒட்டிய உடன் ஏற்பியின் உள்பக்கம் சற்றே நெளிகிறது, அங்கே காத்திருக்கும் 'ஜி புரதம்' அந்த நெளிவை உணர்ந்து அடுத்தடுத்த வேலைகளைத் தொடங்கி வைக்கிறது, தசை தளர்கிறது. இதே பாணியில் அமைந்த ஏற்பிகளுக்கு மனித உடலில் ஏறத்தாழ 800 மரபணுக்கள் உள்ளன. பார்வை, மணம், இதயத் துடிப்பு, பசி, வலி என இவை தலையிடாத துறை அரிது. புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றின் மீதே செயல்படுகின்றன.

இவ்வளவு முக்கியமான ஒன்றைப் பார்க்க ஏன் இத்தனை காலம்? புரதத்தின் வடிவத்தை அறிய நெடுங்காலம் இருந்த சிறந்த வழி, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவது. இந்தக் கலையின் அடித்தளத்தில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்கள் இருவரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதைக் கணக்கிட்டு வரைபடமாக வெளியிட்டனர். இன்றும் உலகில் எங்கே ஒரு புதிய புரத வடிவம் முன்வைக்கப்பட்டாலும், அது சரிதானா என்று 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் ஒத்திப் பார்ப்பது வழக்கம்.

நீரில் கரையும் புரதங்கள் படிகமாவதற்கு ஓரளவு இணங்கும். சவ்வுப் புரதங்களோ அடம்பிடிக்கும் ரகம். அவற்றின் இடைப்பகுதி கொழுப்பில் வாழப் பழகியது. சவ்விலிருந்து பிரித்தெடுக்கச் சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பல புரதங்கள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வீணாகிவிடும். சவ்வுப் புரதம் ஒன்றின் அணு அளவிலான வடிவம் முதன்முதலாக ஜெர்மனியில் 1985-இல் வெளியாயிற்று; அதற்காக மூவருக்கு 1988-இல் நோபல் பரிசே கிடைத்தது என்றால் சிரமத்தை ஊகிக்கலாம்.

ஏற்பிகளுக்கு மேலும் இரண்டு தொல்லைகள். ஒன்று, பற்றாக்குறை. கண்ணிலுள்ள ரோடாப்சின் மாட்டு விழித்திரையில் ஏராளமாகக் கிடைக்கும். ஆகையால் அதன் வடிவம் 2000-லேயே வெளிவந்துவிட்டது. பீட்டா-2 ஏற்பியோ ஓர் உயிரணுவில் மிகச் சொற்பம். பூச்சியின் உயிரணுக்களில் மரபணுவைச் செலுத்தி அதை உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது தொல்லைதான் பெரியது: அது சும்மா இருப்பதில்லை. படிகம் என்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே தோரணையில் அணிவகுத்து நிற்பது. நெளிந்து கொண்டே இருக்கும் ஒன்றை எப்படி வரிசையில் நிறுத்துவது? அதன் பணியே நெளிவதுதான் எனும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது.

இந்தச் சிக்கலைத் தலையில் ஏற்றிக் கொண்டவர் பிரையன் கோபில்கா. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ரொட்டிக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, மருத்துவம் படித்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியபோது, அட்ரினலின் வகை மருந்துகள் சாவின் விளிம்பில் இருப்பவர்களை மீட்பதைப் பார்த்து, அவை செயல்படும் ஏற்பியின்பால் ஈர்க்கப்பட்டார். 1984-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1986-இல் அக்குழு பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைக் கண்டறிந்தது. அதன் வரிசை, கண்ணிலுள்ள ரோடாப்சினை ஒத்திருந்தது. வெளிச்சத்தை உணர்வதும் அட்ரினலினை உணர்வதும் ஒரே குடும்பத்தின் வேலை என்பது அன்றைக்கு யாரும் எதிர்பாராத செய்தி.

பின்னர், ஸ்டான்ஃபோர்டில் தனி ஆய்வகம் அமைத்த கோபில்கா, ஏற்பியின் வடிவத்தையும் அசைவையும் பின்தொடரலானார். அவருடைய மனைவி டோங் சன் தியானும் அதே ஆய்வகத்தில் உடன் உழைத்தார். ஆய்வின் தொடக்க ஆண்டுகளில், வருமானம் போதாமல் வார இறுதிகளில் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியாற்றியவர் அவர். 1990-களில் அவருடைய குழு, தூய்மைப்படுத்திய ஏற்பியில் ஒளிரும் குறியீடுகளை ஒட்டி, மருந்து சேரும்போது அது அசைகிறது என்று காட்டியது. அது நல்ல வேலை. ஆயினும் படிகம் வரவில்லை. ஒரு தசாப்தம் கடந்தும் வரவில்லை.

1987 முதல் அவருக்கு நிதி அளித்து வந்தது ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ ஆய்வு நிறுவனம். 2003-இல் அந்த ஆதரவு முடிவுக்கு வந்தது. பதினாறு ஆண்டுகள் காத்திருந்த ஒரு நிதியாளர் விலகினார். நான்கு ஆண்டுகளில் ஏற்பியின் வடிவம் வெளியாயிற்று.

இங்கே என் துறையின் பழைய கேள்விக்கு வருகிறேன். 1959-இல் ரிச்சர்ட் நெல்சனும் 1962-இல் கென்னத் ஆரோவும் எழுதிய இரு கட்டுரைகளை அறிவுப் பொருளாதாரம் படிக்கும் எந்த மாணவரும் தவிர்க்க முடியாது. அடிப்படை ஆய்வின் பயன் அதைச் செய்தவர் கைக்குள் அடங்குவதில்லை. அதன் முடிவு முன்கூட்டித் தெரிவதும் இல்லை. ஆகவே, சந்தையை நம்பி விட்டுவிட்டால் சமுதாயத்துக்குத் தேவையான அளவுக்குக் குறைவாகவே அது நடைபெறும் என்பது அவ்விருவரின் வாதங்களின் சாரம். ஆரோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்ததும் அதே ஸ்டான்ஃபோர்டில்தான். வகுப்பில் இதை நான் முப்பதாண்டுகள் நடத்தியிருக்கிறேன். அரசோ அறக்கட்டளையோ நிதி தர வேண்டும் என்ற இடத்தில் பாடம் முடிந்துவிடும். எத்தனை ஆண்டுகளுக்குத் தர வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நானும் எழுப்பியதில்லை.

2011-இல் பியர் அசூலேவும் இரு சகாக்களும் இதே கேள்வியை எடுத்துக் கொண்டனர். அவர்கள் ஒப்பிட்டது யாரை என்பதுதான் வேடிக்கை. அதே ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனத்தின் நிதி பெறுவோரை ஒருபுறமும், தகுதியில் அவர்களை ஒத்த, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி பெறுவோரை மறுபுறமும் வைத்தனர். முன்னது ஆளைப் பார்த்து நீண்ட காலத்துக்குத் தருவது, தொடக்கத் தோல்விகளைப் பொறுப்பது; பின்னது திட்டத்தைப் பார்த்துக் குறுகிய காலத்துக்குத் தருவது. முன்னதன் நிதி பெற்றவர்களிடமிருந்து பெருந்தாக்கம் ஏற்படுத்திய கட்டுரைகள் மிக அதிக அளவில் வந்தன. யாரும் பொருட்படுத்தாத கட்டுரைகளும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன. துணிந்து இறங்கியவர்கள் வென்றபோது பெரிதாக வென்றார்கள், தோற்றபோது நன்றாகவே தோற்றார்கள்.

உலகிலேயே பொறுமைக்குப் பெயர் பெற்ற அந்த நிதியாளரின் பொறுமையும் கோபில்கா விஷயத்தில் தீர்ந்து போனது. இதற்காக மதிப்பீட்டாளர்களைக் குறை கூற நான் முன்வர மாட்டேன். வெற்றிக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் நிற்கும் ஆய்வும், என்றுமே வெற்றி பெறப் போகாத ஆய்வும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் படிகம் இல்லை. நிதியோ எல்லையுள்ளது; ஒருவருக்குத் தொடர்ந்தால் இன்னொருவருக்கு இல்லை. எல்லாரையும் என்றென்றும் ஆதரிப்பது என்பது கொள்கை ஆகாது.

கோபில்காவைக் காப்பாற்றியது வேறொன்று. ஒரு கதவு மூடியபோது தட்டுவதற்கு மற்றொரு கதவு இருந்தது. வேறு நிதிகளைக் கொண்டு ஆய்வகம் தொடர்ந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய எக்ஸ் கதிர் மையம், அவர்களுடைய சில மைக்ரான் அளவேயான குட்டிப் படிகங்களைச் சோதிக்க இடம் கொடுத்தது. ஒரே மதிப்பீட்டுக் குழு, ஒரே பட்டியல், ஒரே அளவுகோல் என்று எல்லாப் பணமும் ஓரிடத்தில் குவிந்திருந்தால், 2003-இல் அந்தக் கதை முடிந்திருக்கக் கூடும். நிதியின் மொத்த அளவைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். அது எத்தனை வெவ்வேறு கைகளில் இருக்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியம் என்பதை இந்த வயதில்தான் நான் கற்றேன்.

நெளியும் ஏற்பியை அவர்கள் இரு வழிகளில் அடக்கினார்கள். அதன் உள்பக்கத்தில் மிகவும் ஆடும் ஒரு வளையம் உண்டு. ஒரு வழியில், எதிர்ப்புப் பொருள் ஒன்றின் துண்டை அதனோடு பிணைத்துத் தாங்கல் கொடுத்தனர். மற்றதில், அந்த வளையத்தையே நீக்கிவிட்டு, படிகமாவதில் பெயர் பெற்ற லைசோசைம் என்ற வேறொரு புரதத்தை அங்கே பொருத்தினர். இரண்டும் பலித்தன. இரு வடிவங்களும் 2007-இல் வெளியாயின. இவை ஓய்வு நிலையின் படங்கள். ஏற்பியை அடக்கி வைக்கும் ஒரு மருந்து உள்ளே அமர்ந்திருக்கும்போது எடுத்தவை.

வேலை செய்யும் நிலையில் ஏற்பியைப் பிடிப்பது அதைவிடக் கடினம். ஜி புரதமும் ஏற்பியும் கைகோக்கும் கணத்தை நிலைப்படுத்த வேண்டும். இதற்கு உதவியவை லாமா என்ற தென்னமெரிக்க விலங்குகள். ஒட்டகத்துக்கு உறவான இவற்றின் இரத்தத்தில் விந்தையான, மிகச் சிறிய எதிர்ப்புப் பொருள்கள் உண்டு. அவற்றிலிருந்து பிரஸ்ஸல்ஸில் யான் ஸ்டெயார்ட்டின் ஆய்வகம் உருவாக்கிய துண்டுகள், அந்தக் கைகோப்பை அவிழாமல் பிடித்துக் கொண்டன. 2011-இல் படம் கிடைத்தது. ஏற்பியின் ஏழு தண்டுகளில் ஆறாவதன் உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம், அதாவது 1.4 நானோமீட்டர், வெளிப்புறமாக விலகியிருந்தது. சவ்வின் தடிமனில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. என் மூச்சை இளக்குவது அந்த விலகல்தான். அடுத்த ஆண்டு கோபில்காவும் லெஃப்கோவிட்ஸும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை கதை அங்கே நிறைவுற்றது. உண்மையில், சுவையான பகுதி அதன் பின்னரே தொடங்கியது. நம் கையில் இருந்தவை இரண்டு படங்கள்: மூடிய நிலை ஒன்று, திறந்த நிலை ஒன்று. மருந்து வந்தால் ஏற்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாறும், மின்விளக்கின் சுவிட்சைப் போல, என்றுதான் யாரும் எண்ணுவர். அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையைக் கொண்டு கோபில்கா குழுவும் பிறரும் 2013-இலும் 2015-இலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. மருந்து ஒட்டிய பிறகும் ஏற்பி ஒரு நிலையில் நிற்பதில்லை. பல நிலைகளுக்கிடையே மாறி மாறி உலாவுகிறது. ஜி புரதமும் வந்து சேர்ந்தால்தான் முழுமையாகத் திறந்த நிலையில் நிலைகொள்கிறது. மருந்து செய்வதெல்லாம், எந்த நிலையில் எவ்வளவு நேரம் கழிப்பது என்ற விகிதத்தைச் சற்று மாற்றுவது. அசைவைப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு இது பதில். ஒரே ஏற்பியின் மீது ஒரு மருந்து முழு வலுவுடனும் வேறொன்று பாதி வலுவுடனும் செயல்படுவது ஏன் என்ற பழைய புதிருக்கு இதில் விளக்கம் இருக்கிறது. என் இன்ஹேலரிலுள்ள சால்பியூட்டமாலே இந்தப் பாதி வலு வகையைச் சேர்ந்ததுதான்.

வரவு செலவு பார்க்கும் புத்தி என்னை விடவில்லை. இத்தனை படங்களால் நோயாளிக்கு என்ன பயன் விளைந்தது? விடை நேர்கோடாக இல்லை. மார்பினின் ஏற்பியையும் கோபில்காவின் குழு 2012-இல் படமாக்கியது. அவ்வடிவத்தைக் கணினியில் வைத்து, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்து, வலியை நீக்கும் ஆனால் மூச்சை அடக்காத ஒரு பொருளை உருவாக்கியதாக 2016-இல் அறிவிப்பு வந்தது. மார்பின் வகை மருந்துகளால் மூச்சு நின்று உயிரிழப்போர் ஏராளமாக இருந்த அமெரிக்காவில் அது எழுப்பிய எதிர்பார்ப்பு சொல்லி முடியாது. 2018-இல் வேறொரு குழு எலிகளில் சோதித்து, அதுவும் மூச்சை அடக்கவே செய்கிறது என்று கூறியது. ஒரு நிலைப்படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அசையும் எந்திரத்தைப் பற்றி எல்லாவற்றையும் கூறிவிடாது.

அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. பனிக்குளிரில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுக்கும் முறையால் படிகத்தின் தேவையே பெரிதும் குறைந்துவிட்டது. கோபில்கா இருபதாண்டு உழைத்துப் பெற்றதைப் போன்ற வடிவங்கள் இன்று மாதக்கணக்கில் கிடைக்கின்றன. எஞ்சியிருப்பது அந்த நெளிவு. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எவ்வளவு வேகத்தில், எதன் தூண்டுதலால் என்பதை இன்றும் ஆய்வகங்களில் அளந்தே அறிய வேண்டியிருக்கிறது. அதற்கு மூன்றாண்டுத் திட்டங்கள் போதுமா என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் ஆய்வாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது மூன்றாண்டுதான். கதவுகளின் எண்ணிக்கையும் குறைவு.

பணியில் இருந்த நாள்களில், ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழு ஒன்றில், கணக்கு வழக்கைப் பார்ப்பதற்காக என்னையும் உறுப்பினராக்கி இருந்தார்கள். ஓர் இளம் உயிர்வேதியியலாளர் மூன்றாம் ஆண்டு அறிக்கையுடன் வந்திருந்தார். எதிர்பார்த்த புரதத்தைத் தூய்மையாகப் பெற முடியவில்லை, சவ்விலிருந்து பிரித்தால் திரண்டுவிடுகிறது, இன்னும் இரண்டாண்டு தேவை என்றார். எத்தனை கட்டுரைகள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. நீட்டிப்பு தேவையற்றது' என்று குறிப்பெழுதியவன் நான்தான். குழுவில் மற்றவர்கள் அதை ஏற்றுக் கொண்டனர். நிதியைச் சிக்கனமாகக் கையாண்ட மனநிறைவுடன் அன்று வீடு திரும்பினேன்.

சோப்பைச் சேர்த்தால் சவ்வுப் புரதம் திரண்டுவிடும் என்பதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. அந்த அறையில் அதைத் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர் மட்டுமே. மேலும் இரண்டாண்டு கொடுத்திருந்தால் அவர் வென்றிருப்பாரா என்பதை யாராலும் கூற முடியாது. வேறு எங்கேனும் விண்ணப்பிக்க அவருக்கு இடம் இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கான கட்டம் படிவத்தில் இல்லை.